வேண்டுமென்றே தோற்றால் அணி தேறுமா?

உப்பேரிக்காரன்:

வணக்கம் மக்களே. வேலைக்காக சால்ட் லேக் சிட்டிக்கு வந்த பிறகுதான் எனக்கு என்பிஏ, அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக், அறிமுகம். அதுவும் நானாகப் போகவில்லை, பையன்தான் இழுத்துக்கொண்டு போனான். அவனுக்கு யூட்டா ஜாஸ் என்றால் உயிர், அதில் லௌரி மார்க்கனன் என்றால் கூடுதல் உயிர். ஏழடி ஆள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று சுலபமாகப் போடுவதைப் பார்த்தால் எந்தப் பையனுக்குத்தான் பிடிக்காது?

போன சீசன் (2024-25) பிற்பாதியில் ஜாஸின் சொந்த அரங்கமான டெல்டா சென்டருக்குப் போனபோதெல்லாம் மார்க்கனன் ஆடவே இல்லை. "அவருக்கு என்னப்பா அடி?" என்று பையன் கேட்டான். பார்த்தால் முதுகு என்று போட்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் லீக்கே ஜாஸுக்கு 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. மார்ச் 5 வாஷிங்டன் ஆட்டம் உட்பட, ஆடக்கூடிய நிலையில் இருந்த ஆளை உட்கார வைத்தீர்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த வாஷிங்டன்தான் கடைசி இடத்துக்கு எங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அணி. இரண்டு பேரும் தோற்கத் துடிக்கிற ஆட்டத்துக்கு டிக்கெட் விற்கிறார்கள், அதையும் வாங்கிக்கொண்டு போகிறோம்!

கடைசியில் 17 வெற்றி, 65 தோல்வி. 30 அணிகளில் கடைசி. டிராஃப்டில் அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும், அந்த வரிசையை லாட்டரி தீர்மானிக்கும், மோசமாக ஆடிய அணிக்கு முன்னிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவு பட்டதற்கு அந்த வருடம் எல்லோரும் கண் வைத்திருந்த கூப்பர் ஃபிளாக்காவது வருவான் என்று மே மாதம் டிராஃப்ட் லாட்டரி பார்க்க உட்கார்ந்தோம். எங்களுக்கு விழுந்தது ஐந்தாவது இடம். முதல் இடம் டாலஸுக்குப் போனது. பிப்ரவரியில் லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குத் தள்ளிவிட்டு ஊரெல்லாம் திட்டு வாங்கிய அதே டாலஸ்.

ஐபிஎல்லில் கடைசியாக வந்தால் ஏலத்தில் கூடுதல் காசு தருவதில்லை, அதனால் இந்த ஏற்பாடே எனக்குப் புதுசு. நெடுநாள் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்: நல்ல டிராஃப்ட் பிக்குக்காக, அதாவது அந்த வரிசையில் முன்னிடத்துக்காக, வேண்டுமென்றே தோற்கிறார்களே, அதனால் அணி உண்மையில் எழுந்திருக்கிறதா? இல்லை, ரசிகனை ஏமாற்ற ஒரு சாக்கா? பையனுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.


மோட்டார்சிட்டி_மணி:

வாங்க பாஸ், எங்க கூட்டத்துல சேருங்க. நான் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ரசிகன். 2023ல 17-65, லீக்லயே கடைசி. விக்டர் வெம்பன்யாமா வருவான்னு கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கிட்டோம். லாட்டரில அஞ்சாவது இடம். அவன் சான் அன்டோனியோவுக்குப் போயிட்டான். அடுத்த சீசன்ல அதையும் தாண்டி 14-68. தொடர்ச்சியா 28 மேட்ச் தோத்தோம், ஒரே சீசனுக்குள்ள அது ரெக்கார்டு. அதுக்கும் அஞ்சாவது இடம்தான்.

அதுக்கு அடுத்த வருஷம், 2024-25ல, 44 ஜெயிச்சு பிளேஆஃப் போனோம். என்ன மாறிச்சு? புதுசா பிக்கர்ஸ்டாஃப் கோச்சா வந்தாரு. டோபையஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே மாதிரி அனுபவப்பட்ட ஆளுங்க வந்தாங்க. சின்னப் பசங்களுக்கு நாலாவது குவார்ட்டர்ல என்ன செய்யணும்னு சொல்லிக்கொடுக்க ஆள் கிடைச்சுது. அவ்ளோதான்.

ஆனா ஒண்ணு, நேர்மையா சொல்லணும். கேட் கன்னிங்ஹாம் 2021ல எங்களுக்கு முதல் பிக்கா வந்தவன். அந்த சீசன் 20-52. அந்தத் தோல்விக்குக் கூலி கிடைச்சுது. அதுக்கப்புறம் தோத்ததுக்குப் பாதிக் கூலிகூட வரலை.


ஆயிரத்தொன்று:

நான் எந்த அணிக்கும் ரசிகன் கிடையாது, கணக்குப் பைத்தியம் மட்டும். லாட்டரி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பாதிக் கோபம் குறையும்.

எந்திரத்தில் 14 பிங்பாங் பந்துகள், 1 முதல் 14 வரை எண் போட்டவை. அதில் நான்கு எடுப்பார்கள். வரிசை பார்க்காமல் எண்ணினால் 1001 கூட்டணி வரும். ஒன்றைத் தள்ளிவிட்டு 1000ஐ, பிளேஆஃப் போகாத 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2018 வரை கடைசி அணிக்கு அதில் 250 கிடைக்கும், அதாவது முதல் பிக்குக்கு 25%. எவ்வளவு துரதிர்ஷ்டம் வந்தாலும் நான்காவது இடத்துக்குக் கீழே இறங்க மாட்டார்கள். 2019 முதல் விதி மாறியது. கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14% மட்டுமே. கடைசி அணி ஐந்தாவது இடம் வரை சறுக்கலாம், அதற்கான வாய்ப்பு 47.9%. உப்பேரிக்காரரே, உங்கள் அணிக்கு நடந்தது விபத்து இல்லை. கிட்டத்தட்ட பூவா தலையாவில் பூ விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய விதியின் கடைசி நான்கு வருடங்களில், 2015 முதல் 2018 வரை, நான்கு முறையும் மிக மோசமான கணக்கு வைத்திருந்த அணியின் பிக்கே முதல் இடம் பெற்றது. புதிய விதியில் 2025 வரை ஏழு லாட்டரி, ஒருமுறைகூட இல்லை. கடைசியாக வந்து ஏமாந்தவர்கள்: நிக்ஸ், வாரியர்ஸ், ராக்கெட்ஸ் இரண்டு முறை, பிஸ்டன்ஸ் இரண்டு முறை, இப்போது ஜாஸ். அதிலும் கடைசி மூன்று வருடமும் கடைசி அணிக்கு ஐந்தாம் இடம்தான். ஏழு என்பது சின்ன எண்ணிக்கை, 14% என்றால் ஏழு முறையும் வராமல் போவது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள விஷயம். சதி என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.


பாட்கோ_பயணி:

சால்ட் லேக் நண்பருக்கு. நான் நியூ ஜெர்சியில் செர்ரி ஹில் பக்கம், பிலடெல்பியா சிக்ஸர்ஸ் ஆள். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்க்காரர்களை விட்டால் வேறு யார் பதில் சொல்வது? மற்ற அணிகள் முதுகுவலி, முழங்கால் வலி என்று மூடி மறைத்துத் தோற்கும். நாங்கள் அதற்கு "பிராசஸ்" என்று பெயர் வைத்து, கோஷம் போட்டு, டி-ஷர்ட் அடித்துத் தோற்றோம்.

கதை 2013 மே மாதம் சாம் ஹிங்கி ஜி.எம்., அதாவது ஆட்களை எடுப்பதையும் மாற்றுவதையும் முடிவு செய்கிற மேலாளர், பொறுப்புக்கு வந்ததில் ஆரம்பிக்கிறது. அந்த வருடம்தான் எங்கள் ஜ்ரூ ஹாலிடே ஆல்-ஸ்டார் ஆகியிருந்தார். டிராஃப்ட் இரவில் ஹிங்கி அவரை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்துவிட்டு நெர்லென்ஸ் நோயலையும் அடுத்த வருட முதல் சுற்றுப் பிக்கையும் வாங்கினார். நோயலுக்கு முழங்கால் தசைநார் அறுந்திருந்தது, அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. 2014இல் மூன்றாவது பிக்காக ஜோயல் எம்பீட். காலில் எலும்பு முறிவு, இரண்டு சீசன் ஆடவில்லை. அதே இரவில் கைக்கு வந்த டாரியோ சாரிச் இரண்டு வருடம் துருக்கியில் ஆடிவிட்டுத்தான் வந்தார். சூட்சுமம் புரிகிறதா? எடுக்கிற ஆள் யாரும் உடனே களத்துக்கு வர மாட்டான். அதனால் அடுத்த வருடமும் தோல்வி உறுதி, அடுத்த வருடமும் நல்ல பிக். 19-63, பிறகு 18-64, பிறகு 10-72.

பையனுக்கு ஒரு விஷயத்தை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். களத்தில் நிற்கிறவன் எவனும் தோற்க ஆடுவதில்லை. அவனுக்கு அடுத்த ஒப்பந்தம் வேண்டும். அந்த நல்ல பிக் வந்து இறங்கினால் முதலில் வேலை போவது இவனுக்குத்தான். தோல்வி மேலே ஆபீஸில், ரோஸ்டர் (ஆட்கள் பட்டியல்) எழுதும்போதே எழுதப்படுகிறது. எங்களிடம் டி.ஜே. மெக்கானல் என்று ஒரு பையன் இருந்தான். 2015இல் டிராஃப்டில் எவரும் எடுக்காத ஆள். 60 ஆட்டம் தோற்ற பிறகும் தரையில் உருளும் பந்துக்குப் பாய்ந்து விழுவான். 2025 ஜூன் மாதம் இந்தியானாவுக்காக ஃபைனல்ஸில் ஏழு ஆட்டம் ஆடினானே, அதே ஆள்தான்.

2015 டிசம்பர் 1 ஆட்டத்துக்கு நான் நேரில் போயிருந்தேன். பாட்கோ ரயிலில் வந்து, லோகஸ்ட்டில் இறங்கி, பிராட் ஸ்ட்ரீட் லைன் மாறித் தெற்கே போக வேண்டும். மற்ற நாளில் காலியாகக் கிடக்கும் பெட்டியில் அன்று நிற்க இடமில்லை, எல்லாம் லேக்கர்ஸ் நிறமான மஞ்சளும் ஊதாவும். கோபி பிரையன்ட் பிலடெல்பியாவில் ஆடிய கடைசி ஆட்டம். பக்கத்து லோயர் மெரியனில் படித்த பையன் என்பதால் ஊரே வழியனுப்ப வந்திருந்தது. நாங்கள் அப்போது 0-18. முந்தைய சீசனின் கடைசிப் பத்தையும் சேர்த்தால் தொடர்ந்து 28 தோல்வி. கோபி 26 முறை எறிந்து 7தான் போட்டார். நாங்கள் 103-91 என்று ஜெயித்தோம். மேல் வரிசையில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர், சிக்ஸர்ஸ் தொப்பிக்காரர், ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பக்கத்து ஆளிடம் கடுகடுத்த முகத்தோடு, "லேக்கர்ஸ் நம்மைவிடக் கீழே போயிடுவானோ?" என்றார். எனக்கும் அதே கணக்குத்தான் மனதில் ஓடியது, ஏனென்றால் லேக்கர்ஸின் அந்த வருடப் பிக் எங்களுக்கு வர வேண்டியது, ஆனால் முதல் மூன்றுக்குள் விழுந்தால் அவர்களே வைத்துக்கொள்வார்கள். அவர்கள் தோற்கவும் வேண்டும், அளவுக்கு மீறித் தோற்கவும் கூடாது! வெற்றி பெறும் நேரத்தில் ரசிகனை இப்படிக் கணக்குப் பார்க்க வைப்பதுதான் இந்த முறை செய்யும் முதல் கெடுதல். நான் சொல்கிற பலன் நஷ்டக் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் விவாதமே தேவைப்படாது.

ஒரு வாரத்தில் உரிமையாளர்கள் பொறுமை இழந்து ஜெர்ரி கோலாஞ்ஜெலோவை மேலே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். 2016 ஏப்ரலில் ஹிங்கி 13 பக்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே லாட்டரியில் எங்களுக்கு முதல் பிக், பென் சிம்மன்ஸ். மூன்று வருடம் தோற்றவர் ஒருவர், அறுவடை இன்னொருவர் கையில்.

பலன் என்ன? எம்பீட், சிம்மன்ஸ் இருவரும் தோல்வி கொடுத்த ஆட்கள்தான், மறுக்க முடியாது. 2018இல் 52 வெற்றி. 2019 மே மாதம் டொரன்டோவில் பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம், கவாய் லெனர்டின் கடைசி எறி வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. 2021இல் அட்லாண்டாவிடம் மறுபடி ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. எம்பீட் 2023இல் எம்விபி, லீக்கின் சிறந்த வீரர். ஆனால் இத்தனைக்கும் 2025 வரை பிளேஆஃபில் இரண்டாவது சுற்றை ஒருமுறைகூடத் தாண்டவில்லை. ஒரு கட்சி "பாரு, தோற்றது வீண்" என்கிறது. இன்னொரு கட்சி "எம்விபி கிடைத்தானே" என்கிறது.

எனக்கு இரண்டு கட்சியிலும் ஒப்புதல் இல்லை. 2017ஐக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

2015 கோடையில் சாக்ரமென்டோ கிங்ஸ் சம்பளப் பட்டியலைக் குறைக்க அவசரப்பட்டது. ஹிங்கி அவர்களிடமிருந்து நிக் ஸ்டாஸ்கஸ், கார்ல் லாண்ட்ரி, ஜேசன் தாம்சன் மூவரையும் ஏற்றுக்கொண்டு, கூலியாக அவர்களுடைய 2019 முதல் சுற்றுப் பிக்கையும், இரண்டு வருடங்களுக்குப் பிக் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வாங்கினார். அப்போது அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2017 லாட்டரியில் எங்கள் சொந்தத் தோல்விக்குக் கிடைத்தது ஐந்தாவது இடம். சாக்ரமென்டோவின் பந்துகள் மூன்றாவது இடத்துக்குத் தாவின. உரிமையைக் காட்டி மாற்றிக்கொண்டோம். ஆக, அந்த வருடம் எங்கள் கையில் இருந்த மூன்றாவது பிக் நாங்கள் தோற்று வாங்கியது இல்லை. ஒரு டிரேடில் வாங்கியது.

அதை வைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? ஹிங்கி போன பிறகு வந்த பிரையன் கோலாஞ்ஜெலோ அந்த மூன்றாவது பிக்கையும், எதிர்கால முதல் சுற்றுப் பிக் ஒன்றையும் பாஸ்டனுக்குக் கொடுத்து முதல் பிக்கை வாங்கினார். எடுத்தது மார்கெல் ஃபுல்ட்ஸ். பாவம், அந்தப் பையனுக்குத் தோளில் நரம்புப் பிரச்சினை, எறிவதே மறந்துபோனது. மூன்றாவது பிக்கில் பாஸ்டன் எடுத்தது ஜேசன் டேட்டம்.

இப்போது பாஸ்டனிடம் முதல் பிக் எப்படி வந்தது என்று கேளுங்கள். அந்த சீசனில் பாஸ்டன் 53 ஆட்டம் ஜெயித்துக் கிழக்குப் பிரிவில் முதலிடம்! 2013இல் வயதான கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளினிடம் கொடுத்துவிட்டு அவர்களுடைய எதிர்காலப் பிக்குகளை வாரிக்கொண்டார்கள். புரூக்ளின் 2016இல் 21-61, அதற்கு ஜெய்லன் பிரவுன். 2017இல் 20-62, அதற்கு முதல் பிக், அதுவே டேட்டமாக மாறியது. இருவரும் சேர்ந்து 2024 கோப்பை. பாஸ்டன் ரசிகன் ஒருநாள்கூட 10-72 பார்க்கவில்லை. அவனுக்காகப் புரூக்ளின்காரன் தோற்றான்.

இத்தனைக்கும் இதே பாஸ்டன் 1997இல் தானே இறங்கித் தோற்றுப் பார்த்தது. 15-67, டிம் டங்கனுக்காக. கையில் இரண்டு நல்ல பிக் வைத்திருந்தும் விழுந்தது மூன்றாவதும் ஆறாவதும். டங்கன் சான் அன்டோனியோவுக்குப் போய் 1999இலேயே கோப்பை தூக்கினார். சான் அன்டோனியோ அந்த ஒரு வருடம் டேவிட் ராபின்சன் அடிபட்டதால் 20-62 ஆன அணி, அடுத்த வருடம் ராபின்சன் திரும்பி வந்துவிட்டார்.

அதனால் என் பதில் இதுதான்: தோல்வியால் பிக் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தோல்வி உங்களுடையதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல ஜி.எம். அடுத்தவன் தோல்வியை வாங்கி வைக்கிறான். மட்டமான ஜி.எம். தன் ரசிகன் தலையில் தோல்வியைக் கட்டுகிறான்.


இடிமின்னல்:

பாட்கோ அண்ணே, அருமையா எழுதுறீங்க, ஆனா ஒரு முக்கியமான இடத்தைத் தாண்டிப் போயிட்டீங்க. எங்க ஓக்லஹோமா சிட்டி 2024-25ல 68-14, கோப்பை. நாங்களும் தோத்தவங்கதான். 2020-21ல 22-50. அந்த மார்ச்ல ஆல் ஹார்ஃபர்டுக்கு எந்த அடியும் இல்ல, இனிமே ஆட வேணாம்னு உட்கார வெச்சாங்க. அடுத்த வருஷம் 24-58, அதுல மெம்ஃபிஸ்கிட்ட 152-79, 73 புள்ளி வித்தியாசம். லீக் வரலாற்றிலேயே பெரிய தோல்வி. அந்தத் தோல்விக்குத்தான் ரெண்டாவது பிக்ல செட் ஹோல்ம்கிரென் வந்தான்.

பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், மயாமி எல்லாம் வேற. அங்க பெரிய ஆளுங்க தானா வருவாங்க. ஓக்லஹோமாவுக்கோ சால்ட் லேக்குக்கோ எந்த சூப்பர்ஸ்டார் ஒப்பந்தம் முடிஞ்ச ஃப்ரீ ஏஜென்ட்டா வந்து கையெழுத்துப் போடுறான்? எங்க மாதிரி ஊருக்கு டிராஃப்ட்தான் ஒரே வாசல். முதல் சுற்றுல எடுத்த பையன் நாலு வருஷம் குறைஞ்ச சம்பளத்துல இருப்பான், அதுக்கப்புறமும் அவனை வெச்சுக்கிற உரிமை நம்மகிட்டதான் அதிகம். இந்த வசதி வேற எந்த வழியிலயும் சின்ன ஊருக்குக் கிடைக்காது. தோக்காம இதை எப்படி வாங்குறது?


பாட்கோ_பயணி:

தம்பி, முதலில் கோப்பைக்கு வாழ்த்து. சின்ன ஊர் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பிலடெல்பியா பெரிய ஊர், அந்த வலி எங்களுக்குக் கிடையாது.

ஆனால் உங்கள் சாம்பியன் அணியைப் பிரித்துப் பார்ப்போம். ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் எப்படி வந்தார்? 2019 ஜூலையில் பால் ஜார்ஜ் கிளிப்பர்ஸுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். சாம் பிரெஸ்டி அவரைக் கொடுத்துவிட்டு ஷாயையும் ஐந்து முதல் சுற்றுப் பிக்குகளையும் வாங்கினார். அதற்கு முந்தைய சீசனில் நீங்கள் 49 ஆட்டம் ஜெயித்த அணி, தோற்ற அணி இல்லை. ஃபைனல்ஸ் ஐந்தாவது ஆட்டத்தில் 40 அடித்த ஜெய்லன் வில்லியம்ஸ் 2022இல் 12வது பிக். அது கிளிப்பர்ஸின் பிக். அந்த வருடம் அவர்கள் பிளேஆஃபுக்கு முந்தைய தகுதிச் சுற்றான பிளே-இன்னில் இரண்டு ஆட்டமும் தோற்று வெளியே போனதால் லாட்டரிக்குள் விழுந்தது. லு டார்ட் டிராஃப்டில் எவரும் எடுக்காத ஆள். ஹார்டன்ஸ்டைன் காசு கொடுத்து வாங்கிய ஃப்ரீ ஏஜென்ட், உங்கள் ஊருக்கும் ஆள் வருகிறானே. உங்கள் சொந்தத் தோல்வி கொடுத்தது செட்டும், ஆறாவது பிக் ஜோஷ் கிடியும். கிடியை சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை வாங்கினார் பிரெஸ்டி.

செட் இல்லாமல் கோப்பை கிடையாது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அஸ்திவாரம் டிரேடில் வந்தது, தோல்வி அதன் மேல் ஒரு மாடி. எங்கள் ஊரில் தோல்வியையே அஸ்திவாரமாகப் போட்டோம். இன்னொன்று, நீங்கள் இரண்டு வருடத்தில் நிறுத்திவிட்டீர்கள். செட் அடிபட்டு ஒரு ஆட்டம்கூட ஆடாத 2022-23இல், இன்னொரு வருடம் தோற்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. பிரெஸ்டி அதைப் பயன்படுத்தவில்லை, 40-42 வந்தீர்கள். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அந்த சீசனில்தான். ஷார்லட் பாப்கேட்ஸை நினைத்துப் பாருங்கள், 2011-12இல் 7-59, வெற்றி விகிதத்தில் லீக் வரலாற்றிலேயே மோசம். ஆந்தனி டேவிஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார்.


மோட்டார்சிட்டி_மணி:

7-59! அதைப் பாத்தா நாங்க தேவலாம்.


உப்பேரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பாட்கோ சார், "அடுத்தவன் தோல்வியை வாங்கு" என்கிறீர்கள். ஜாஸ் அதைத்தானே செய்தது? நான் படித்தவரையில் 2022இல் ரூடி கோபேரை மினசோட்டாவுக்கும் டோனவன் மிட்செலை கிளீவ்லாந்துக்கும் கொடுத்துவிட்டு ஒரு கட்டுப் பிக்குகள் வாங்கினார்கள். அப்புறம் ஏன் நாங்களே 65 ஆட்டம் தோற்க வேண்டி வந்தது? அடுத்த சீசன் எப்படியிருக்கும்?


பாட்கோ_பயணி:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஜாஸ் செய்தது சரியான வேலை. கோபேர் டிரேடை அன்று பார்த்தவர்கள் எல்லோரும் மினசோட்டா ஏமாந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள், நானும் அதில் ஒருவன். ஆனால் வாங்கிய பிக் பெரிதாக வேண்டுமென்றால் விற்றவன் நொடித்துப் போக வேண்டும். மினசோட்டா நொடிக்கவில்லை. ஆந்தனி எட்வர்ட்ஸ் வளர்ந்தார், 2024, 2025 இரண்டு வருடமும் மேற்குப் பிரிவு ஃபைனல்ஸ். கிளீவ்லாந்து 2024-25இல் 64 ஆட்டம் ஜெயித்தது. அடுத்தவன் கட்டாமல் ஓடினால்தான் நமக்கு லாபம் என்கிற விசித்திரமான சீட்டு இது, உங்கள் ஆட்கள் சேர்ந்தது நாணயமாகக் கட்டுகிறவர்களோடு. மினசோட்டா பிக்கில் 2023இல் வந்தது 16வது ஆளாக கியான்டே ஜார்ஜ். நல்ல பையன்தான், ஆனால் அணியைத் தூக்கி நிறுத்துகிற பிக் அது இல்லை.

இரண்டாவது, டிரேட் செய்த உடனே தோற்க நினைத்த ஜாஸ் 2022-23இல் முதல் 13இல் 10 ஜெயித்துவிட்டது. காரணம் உங்கள் பையனின் ஆள்தான். கிளீவ்லாந்து டிரேடில் ஒட்டிக்கொண்டு வந்த மார்க்கனன் அங்கே வந்து ஆல்-ஸ்டார் ஆனார். 37-45 முடித்தார்கள், அடுத்த வருடம் 31-51. கிடைத்தது ஒன்பதாவது, பத்தாவது பிக்குகள். பிளேஆஃபும் இல்லை, பெரிய பிக்கும் இல்லை. அந்த நடு இடம்தான் ஜி.எம்.களைப் பைத்தியமாக்குகிறது. அதனால்தான் மூன்றாவது வருடம் முழுசாக இறங்கினார்கள், முதுகுவலியும் வந்தது.

அடுத்த சீசன் (2025-26)? சொன்னால் கோபப்படாதீர்கள், மறுபடியும் தோற்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இந்தமுறை காரணம் இன்னும் கொடுமையானது. 2021இல் டெரிக் ஃபேவர்ஸின் சம்பளத்தை இறக்கி வைக்க ஜாஸ் தன் எதிர்கால முதல் சுற்றுப் பிக் ஒன்றை ஒரு அணிக்குக் கொடுத்தது. 2026இல் அந்தப் பிக் முதல் எட்டுக்குள் விழுந்தால் உங்களுக்கு, அதோடு கடனும் தீர்ந்தது. ஒன்பதோ அதற்குக் கீழோ போனால் அந்த அணிக்கு. எந்த அணி தெரியுமா? நம் இடிமின்னல் தம்பியின் ஓக்லஹோமா சிட்டி. சுமாராக ஆடி 35 ஆட்டம் ஜெயித்தால், 2025 சாம்பியனுக்கு லாட்டரிப் பிக் ஒன்றைத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பதாகும். இந்த நிலையில் எந்த ஜி.எம். ஜெயிப்பான்?

நாங்களும் 2024-25இல் அதே கிணற்றில்தான் கிடந்தோம். 2020இல் அதே ஹார்ஃபர்டைக் கைகழுவ அதே ஓக்லஹோமாவுக்குக் கொடுத்த பிக், முதல் ஆறுக்குள் விழுந்தால் மட்டும் எங்களுக்கு. எம்பீட் 19 ஆட்டம்தான் ஆடினார், ஜனவரிக்குப் பிறகு வெளிப்படையாகவே சரிந்து 24-58. ஆறுக்குள் விழ மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு. மூன்றாவது இடம் விழுந்தது, வி.ஜே. எட்ஜ்கோம்ப் வந்திருக்கிறான். இந்தத் தோல்வியைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. ஒரு சீசன், ஏற்கெனவே அடிபட்டு நாசமான சீசன், இழக்க எதுவும் இல்லாதபோது எடுத்த முடிவு. சான் அன்டோனியோவின் 1997ம் அந்த வகைதான். திட்டம் போட்டு மூன்று வருடம் தோற்பது வேறு கதை. அதற்குள் உரிமையாளர் மனம் மாறும், ஜி.எம். மாறுவார், நல்ல பிக் வந்து நிற்கும்போது அதைத் தேர்ந்தெடுக்கிற நாற்காலியில் வேறு ஆள் இருப்பான்.

பையனிடம் மழுப்ப வேண்டாம், லாட்டரி விதியை அப்படியே விளக்குங்கள். ஆயிரத்தொன்று எழுதியதைக் காட்டினால் ஒரு மணி நேரக் கணக்குப் பாடமும் ஆயிற்று. ஏஸ் பெய்லி எப்படி வளர்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள், ஐந்தாவது பிக் என்பது வீணாய்ப்போன இடம் இல்லை. யோகிச் 41வது, யானிஸ் 15வது.

டிக்கெட் எடுப்பதாக இருந்தால் நவம்பர், டிசம்பர் ஆட்டங்களுக்கு எடுங்கள். பிப்ரவரி டிரேட் கெடு முடிந்த பிறகு பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் யார் ஆடுவார்கள் என்று அன்று மாலை காயப் பட்டியல் வரும்வரை நிச்சயமில்லை.


இடிமின்னல்:

உப்பேரிக்காரரே, ஒன்பதாவதா விழட்டும்னு நான் வேண்டிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க.